உப்பு காய்வதற்குள்: மோட்டார் படகைக் கழுவிப் பராமரிப்பது எப்படி?

புதிதாகப் படகு வாங்கியவர்கள் பெரும்பாலும் மேல் பளபளப்பில்தான் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். முட்டுக்காடு பக்கம் ஓட்டுகிற என் பதினாறடி ஃபைபர் படகு வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒருநாள் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வை, கழற்றிக் காட்டினார். அதைச் சுற்றிக் கல்லுப்பு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. படகின் பின்னால் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்ட் இன்ஜின் தன்னைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. ஓட்டி முடித்ததும் அந்த உப்பை வெளியேற்றாவிட்டால் உள்ளேயே காய்ந்து வழியை அடைத்துவிடும். அதனால் கரையேறிய முதல் ஒரு மணி நேரம் இன்ஜினுக்குத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் தக்கை

படகு டிரெய்லரில் ஏறியதும் பின்பக்க வடிகால் தக்கையைக் கழற்றி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடிய விடுங்கள். கழற்றிய தக்கையை இன்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அடுத்த முறை சாவியைத் தேடும்போது தக்கையும் கையில் வரும், போட மறக்க மாட்டீர்கள்.

இன்ஜினுக்கு நல்ல தண்ணீர்

இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இரு பக்கமும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைத் துளைகள் இருக்கும். அவற்றை மூடுகிற மாதிரி ஹெட்போன் வடிவில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள் கடையில் கிடைக்கும். இன்ஜினை நேராக இறக்கி, கிண்ணங்களை மாட்டி, தோட்டத்துக் குழாயை இணையுங்கள். முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரை இழுத்துத் தள்ளும் சிறு சக்கரம்) சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம், ப்ரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜினின் பின்னால் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அது வரவில்லையென்றால் உடனே நிறுத்தி, மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 10 முதல் 15 நிமிடம் ஓடட்டும். இரண்டு நிமிடத்தில் நிறுத்துவது போதாது. இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நல்ல தண்ணீர் எல்லா மூலைக்கும் போகும்.

சில இன்ஜின்களில் குழாயை நேராகத் திருகுவதற்குத் தனி வாய் இருக்கும். அந்த வழியில் கழுவும்போது பல மாடல்களில் இன்ஜினை ஓட்டவே கூடாது. கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஈசிஆர் ஓரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, லாரித் தண்ணீரோ மழைத்தொட்டித் தண்ணீரோ பிடித்து வையுங்கள். முடிந்ததும் இன்ஜினைச் செங்குத்தாகவே விடுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் தானாக வடியும்.

உடம்பைக் கழுவுதல்

மேலிருந்து கீழாக நல்ல தண்ணீர் அடித்து, கார் கழுவும் ஷாம்புவும் மென்மையான பஞ்சும் போட்டுத் தேய்த்தால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். அடியில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் கீறும். வருடத்துக்கு இரண்டு முறை நிழலில் வைத்து மெழுகு பூசுங்கள்.

ப்ரொப்பல்லரும் கியர் ஆயிலும்

நம் கரையோரத்தில் அறுந்த தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் நூல்) தண்ணீரெங்கும் மிதக்கிறது. அது ப்ரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. மெல்ல ஆயில் சீலை அறுத்து, கியர் பெட்டிக்குள் தண்ணீரை விட்டுவிடும். அதனால் மாதம் ஒருமுறை ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்து, தண்டில் மரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கழற்றும் முன் சாவியை எடுத்துவிடுங்கள்.

கியர் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். மேல் ஒரு ஸ்க்ரூ, கீழ் ஒரு ஸ்க்ரூ இருக்கும். இரண்டையும் கழற்றி, வடியும் ஆயிலை உற்றுப் பாருங்கள். கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலை மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். புது ஆயிலைக் கீழ்த்துளையில் குழாய் வைத்து ஏற்றுங்கள். அப்போதுதான் உள்ளே காற்று சிக்காது. மேலே வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவைப் போட்டுவிட்டு, பிறகு கீழ்க்குழாயை எடுத்துச் சட்டென்று கீழ் ஸ்க்ரூவை மாட்டுங்கள். வாஷர் புதிதாக இருக்கட்டும்.

துத்தநாகக் கட்டி

இன்ஜின் அடியில் சாம்பல் நிறத்தில் திருகியிருக்கும் சிறு கட்டி தன்னையே கரைத்துக்கொண்டு மற்ற உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது வேலையே செய்யாது. கடலுக்குத் துத்தநாகம் ஏற்றது. கழிமுகமும் கடலும் மாறி மாறி ஓட்டுபவர்களுக்கு அலுமினியக் கட்டி நல்லது.

பெட்ரோலும் பேட்டரியும்

இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பல அவுட்போர்ட் நிறுவனங்கள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, நாள்பட்டால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எனவே வாராவாரம் ஓட்டாதவர்கள் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

பேட்டரியின் ஒயரைக் கழற்றி, முனைகளில் வாசலின் தடவி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். முழு சார்ஜில் மீட்டர் 12.6 வோல்ட் சுற்றிக் காட்டும். படகை மூடும் தார்ப்பாய் இறுக்கமாக இருந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், இரு முனையிலும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.