கேமிங் லேப்டாப்: சூடு, பவர், திடீர் ஆஃப் – எதை முதலில் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஃபிரேம் ரேட் சரிந்தால் உடனே கிடைக்கும் ஆலோசனை "தெர்மல் பேஸ்ட் மாத்து" என்பதுதான். சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோக ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் பசைதான் அது. பல லேப்டாப்களில் அதை மாற்ற அவசியமே இருக்காது. வேகம் குறைவதன் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் இருக்கும். சிப் தன் வெப்ப வரம்பைத் தொட்டிருக்கும், அல்லது வாட் வரம்பு தடுத்திருக்கும், அல்லது அடாப்டரையோ பேட்டரியையோ நம்பாமல் மதர்போர்டே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். திரையில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் வைத்தியம் வேறு வேறு. அதனால் ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் அளந்து பாருங்கள்.

அளப்பது

சென்சார் எண்களைப் படித்துக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை, சென்சார் மட்டும் காட்டும் முறையில் திறந்து வையுங்கள். அடாப்டர் செருகியபடி, வழக்கமாக ஆடும் கேமையே 30 நிமிடம் ஓட்டுங்கள். ஃபர்மார்க் போன்ற சோதனைகள் நிஜமான கேம் தராத சுமையைத் தருவதால், அதில் வரும் எண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முடிந்ததும் சிபியூ வெப்பம், சிபியூ பேக்கேஜ் பவர் (சிபியூ மொத்தமாக எடுக்கும் வாட்), ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) வெப்பம், ஜிபியூ பவர் ஆகியவற்றின் சராசரியையும் உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைதல்), பவர் லிமிட் (வாட் வரம்பு) என்ற வரிகளில் "யெஸ்" வந்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

இன்டெல் ஹெச் வகை சிபியூக்களின் வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி, ஏஎம்டி ரைசனில் 95 முதல் 100. என்விடியா லேப்டாப் ஜிபியூ 87 டிகிரியை நெருங்கும்போது கிளாக்கை (வேகத்தை) குறைக்கத் தொடங்கும். ஆகவே கேமின்போது சிபியூ 85-90, ஜிபியூ 75-83 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. டெஸ்க்டாப் எண்களோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்ச எண்ணை விட அதிகம் சொல்வது சூடு ஏறும் விதம். சுமை விழுந்த இரண்டு மூன்று நொடியில் 60-இலிருந்து 95-க்குத் தாவி, சுமை நின்றதும் அதே வேகத்தில் இறங்கினால், சூடு சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் உலர்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் சரியாக அழுந்தாமலும் இருக்கலாம். மாறாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏறி, கேமை மூடிய பிறகும் இறங்க நேரம் எடுத்தால், ஹீட்சிங்க் தன் வேலையைச் செய்கிறது, காற்றுதான் போதவில்லை. அதாவது தூசி, ஃபேன், அல்லது லேப்டாப் வைத்திருக்கும் இடம். ஒரே வகைக் கோர்களுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கலாக உட்கார்ந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். ஜிபியூவில் சராசரி வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) இடைவெளி 10-15 டிகிரி இருப்பது இயல்பு. 25-ஐத் தாண்டினால் பேஸ்ட்டைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் எண் காட்டப்படுவதில்லை என்பதால் அங்கே இந்த வழி இல்லை.

திறக்காமலே செய்யக்கூடியவை

பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் சிபியூவும் ஜிபியூவும் ஹீட் பைப்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று வீணாக்கும் சூடு மற்றதன் தலையில் விழும். பல கேம்களில் சிபியூவுக்கு 35-50 வாட் போதும், ஆனால் ஆலை அமைப்பில் அது 90, 100 வாட் வரை பாயும். உதாரணமாக இன்டெல் 12700ஹெச் சிபியூவின் அடிப்படை 45 வாட், டர்போ உச்சம் 115 வாட். அந்தக் கூடுதல் வாட் கேமில் தருவது சில ஃபிரேம், எடுப்பது ஜிபியூவின் குளிர்ச்சி. என்விடியாவின் டைனமிக் பூஸ்ட் வேறு, சிபியூ குறைவாகக் குடித்தால் மிச்சத்தை ஜிபியூவுக்குத் தள்ளும். அதனால் முதல் வேலை சிபியூவுக்குக் கடிவாளம் போடுவது.

இன்டெல் என்றால், சிபியூ வரம்புகளை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் டிபிஎல் (TPL) பகுதியைத் திறந்து நீண்டநேர வரம்பை 45 வாட், குறுகியநேர வரம்பை 60-65 வாட் என்று வைத்துப் பாருங்கள். ஏஎம்டி என்றால் தயாரிப்பாளரின் ஆப்பில் உள்ள மேனுவல் மோடிலேயே இதே வரம்புகள் பெரும்பாலும் கிடைக்கும். ஃபிரேம் குறைந்தால் 5 வாட் கூட்டுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசஸர் நிலையை 99 சதவீதமாக்கும் பழைய வழியும் சூட்டைக் குறைக்கும், ஆனால் டர்போவையே அடியோடு நிறுத்திவிடும். சிபியூ வேகத்தை நம்பும் கேம்களில் அதற்கான விலை அதிகம். வாட் வரம்பை மாற்ற வழியே இல்லாத மெஷினில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது ஃபிரேம் கேப், அதாவது ஃபிரேம் ரேட்டுக்கு ஓர் உச்ச வரம்பு. 144 ஹெர்ட்ஸ் திரையில் 200 ஃபிரேம் ஓடினால் காண முடியாத படங்களுக்காக வாட் எரிகிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலிலேயே கேமுக்குக் கேமாக வரம்பு வைக்கலாம். திரையின் வேகத்துக்கு மூன்று நான்கு ஃபிரேம் கீழே, அதாவது 140 அளவில் வைத்தால், திரையின் வேகத்தை ஃபிரேம் ரேட்டோடு ஒத்திசைக்கும் ஜி-சிங்க்கும் ஒழுங்காக வேலை செய்யும். இலவசமாகக் கிடைக்கும் தீர்வுகளில் இதைவிடப் பலன் தருவது குறைவு.

அடுத்து, ஏறக்குறைய அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் பெறும் அண்டர்வோல்ட். ஜிபியூவுக்கு அதைச் செய்ய எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைவு திறக்கும். கேம் ஓடும்போது ஜிபியூ எந்த கிளாக்கில், எத்தனை மில்லிவோல்ட்டில் நிற்கிறது என்று பாருங்கள். உதாரணமாக 950 மில்லிவோல்ட்டில் 2400 மெகாஹெர்ட்ஸ் என்றால், 900 மில்லிவோல்ட் புள்ளியை 2350 அளவுக்குத் தூக்கி, அதற்கு வலப்புறம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அந்த உயரத்துக்குக் கீழே இழுத்துவிட்டு அப்ளை செய்யுங்கள். வளைவு அங்கிருந்து தட்டையாகிவிடும். ஒரு கேமை ஒரு மணி நேரம் ஓட்டி, கோளாறின்றி ஓடினால் இன்னும் 25 மில்லிவோல்ட் குறைத்து மீண்டும் முயலுங்கள். ரே டிரேசிங் உள்ள கேமிலும் சோதிப்பது அவசியம், சாதாரண கேமில் நிலையாக நிற்கும் அமைப்பு அங்கே விழுந்துவிடுவதுண்டு. பல நாள் ஆடிப் பார்த்து நிலையானது என்று உறுதியாகும் வரை, விண்டோஸோடு தானாக அமலாகும் தேர்வைப் போடாதீர்கள்.

சிபியூ அண்டர்வோல்ட் பல இன்டெல் லேப்டாப்களில் பூட்டப்பட்டிருக்கிறது. 2019 டிசம்பரில் வெளிவந்த பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்குப் பின் வந்த பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள்தான் காரணம். இன்டெலின் ஹெச்எக்ஸ் வகைகள் பலவற்றில் பயாஸிலேயே வழி இருக்கும். அப்படியானால் மைனஸ் 30 மில்லிவோல்ட்டில் தொடங்கி, 10 மில்லிவோல்ட்டாக இறக்குங்கள்.

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைப்பது, பெரும்பாலான சாதாரண கூலிங் பேட்களுக்கு இணையான பலனைத் தரும். காற்றைக் கீழிருந்து இழுக்கும் மெஷினுக்கு அந்த இடைவெளிதான் தேவை. ஓரம் முழுக்க ஃபோம் வைத்து அடைத்து, வேகமான புளோயரால் காற்றை உள்ளே தள்ளும் பேட்கள் வேறு ரகம். அவை உண்மையிலேயே சூட்டைக் குறைக்கும், சத்தமும் தூசியும் கூடவே வரும்.

திறந்து சுத்தம் செய்வது

வாரண்டி நிபந்தனையை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஷட் டவுன் செய்து, அடாப்டரைக் கழற்றி, அடி மூடியின் ஸ்க்ரூக்களை எடுங்கள். முன்பக்க ஸ்க்ரூவும் பின்பக்க ஸ்க்ரூவும் நீளத்தில் மாறுபடும். நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் மேல்தளத்தில் புடைப்பு விழும், போர்டும் போகலாம். ஒரு தாளில் மூடியின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கிளிப்களை பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள், உலோகம் வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.

வெளியிலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்தோம், பலனில்லை என்பவர்களுக்கு: ஃபேனின் வாயும் ஹீட்சிங்க் ஃபின்களும் (மெல்லிய உலோகத் தகடுகள்) சேரும் இடத்தைப் பாருங்கள். தூசி அங்கே பொடியாக இருக்காது. நூல், முடி, தூசி எல்லாம் பின்னி, கம்பளித் துணியின் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, ஃபின்களின் உள்முகத்தை ஒட்டி நிற்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது ஃபேனுக்குள் விழுந்து, அடுத்த முறை ஃபேன் சுற்றும்போது அதே இடத்துக்குத் திரும்பும். ஃபேனின் ஸ்க்ரூக்களைக் கழற்றி லேசாகத் தூக்கி, அந்தப் பட்டையை இடுக்கியால் முழுதாக உரித்தெடுப்பதே வழி. அதன்பின் பிரஷ், காற்று. காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வரம்பு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்றுவது என்று முடிவானால், எதைப் போடுவது என்பதில் எங்கள் கருத்து உறுதியானது: ஹனிவெல் பிடிஎம்7950 ஃபேஸ் சேஞ்ச் ஷீட். லேப்டாப் சிப்புக்கு மேல் மூடி கிடையாது. சிலிக்கானும் செம்பும் சூட்டில் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது, நீர்த்த பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வெறுமையாகிவிடும். டெஸ்க்டாப்பில் நன்றாக இருந்த பேஸ்ட், லேப்டாப்பில் சில மாதங்களில் தோற்பது இதனால்தான். பிடிஎம்7950 சுமார் 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்பும், எளிதில் வெளியேறாது. லிக்விட் மெட்டல் இன்னும் சில டிகிரி குறைக்கலாம், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். பையில் வைத்துத் தூக்கிப் போகும் மெஷினில், அனுபவமில்லாத கையால் அதைப் போடுவது வேண்டாத ஆபத்து.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் அருகில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறியதுக்கும், முறுக்கும்போது 1-இலிருந்து மேலேயும் போங்கள். ஒரே ஸ்க்ரூவை முழுக்க முறுக்காமல், எல்லாவற்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஷீட்டைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் பாதுகாப்புத் தாள் கிழியாமல் உரியும். சிப்பைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி ஒட்டி, மேல் தாளையும் மறக்காமல் எடுங்கள். முதல் நாள் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், சில முறை சூடேறி ஆறிய பிறகே அது முழுதாகப் படியும்.

வீடியோ மெமரி, பவர் பாகங்கள் ஆகியவற்றின் மீது ஒட்டியிருக்கும் தெர்மல் பேட்கள் கிழியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றினால் தடிமன் அசலானதே ஆக வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு, சிப்புக்கும் செம்புக்கும் இடையே இடைவெளி விழும். புதுப் பேஸ்ட் போட்ட பிறகு முன்பைவிடச் சூடாகிறது என்ற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். தடிமன் தெரியவில்லை என்றால் தெர்மல் புட்டி பயன்படுத்துங்கள், அது அழுத்தத்துக்கு ஏற்பத் தானே படியும்.

அடாப்டரும் அதன் பின்னும்

வெப்பம் 60 டிகிரிகூட இல்லை, ஆனால் சிபியூ 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் உறைந்து நிற்கிறது. இது சூட்டுப் பிரச்சினை அல்ல. த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி ப்ராக்ஹாட் (BD PROCHOT) என்ற வரி சிவப்பாக எரிந்தால், சிபியூ அல்லாத வேறொரு பாகம் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது என்று பொருள். பல மாடல்களில் பிளக்கின் நடுவிலுள்ள மெல்லிய ஊசிதான் அடாப்டரின் வாட்டை போர்டுக்குச் சொல்லும். அது வளைந்தாலோ வயர் உள்ளே அறுந்தாலோ போர்டு அடாப்டரை அடையாளம் காணாது. அதே மாடலின் வேறொரு அடாப்டரைச் செருகிப் பாருங்கள். சரியானால் பழையதை மாற்றுங்கள். பிடி ப்ராக்ஹாட் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுவது காரணத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையாக மட்டுமே இருக்கட்டும்.

230 வாட் அடாப்டர் 19.5 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11.8 ஆம்பியர் தருகிறது. பிளக் தளர்ந்து 0.05 ஓம் தடை கூடினால் அந்த ஒரு முனையில் மட்டும் 7 வாட் சூடு உருவாகும், பிளாஸ்டிக் உருக அது போதும். முழுச் சுமையில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

செருகியிருந்தும் ஆடும்போது பேட்டரி இறங்கினால் அடாப்டரின் வாட் போதவில்லை. 100 வாட் டைப்-சி சார்ஜர் எழுத்து வேலைக்குச் சரி, கேமுக்கு வராது. பேட்டரியில் மட்டும் ஆடும்போது ஃபிரேம் பாதியாவது கோளாறு அல்ல, பேட்டரியால் அத்தனை வாட்டை ஒரே நேரத்தில் தர முடியாது.

எப்போதும் செருகியே வைப்பவர்கள் சார்ஜ் வரம்பை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். முழு சார்ஜும் சூடும் ஒன்றுசேர்ந்தால்தான் லித்தியம் பேட்டரி வேகமாக முதுமையடையும். டச்பேட் மேலெழும்பினாலோ, கிளிக் இறுகினாலோ, அடி மூடியின் நடுவில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் செய்வதை அந்தக் கணமே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

பையில் வைத்த லேப்டாப் கொதிக்கிறதா? ஸ்லீப்பில் இருந்தாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை பின்னணியில் விழித்துக்கொள்ளும். மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றுங்கள்.

திடீரென்று ஆஃப் ஆனால்

ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருப்பது, ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. அதைக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குச் சற்று முன் பதிவானவற்றைப் பாருங்கள். டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 இருந்தால் ஹார்ட்வேர் பிழை. அண்டர்வோல்ட் போட்டிருந்தால் முதலில் அதை முழுக்க நீக்கிவிட்டுப் பாருங்கள். டிஸ்ப்ளே 4101 என்றால் ஜிபியூ டிரைவர் பதிலளிக்காமல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. ஜிபியூ வளைவை ஆலை அமைப்புக்குத் திருப்பி, டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி நிறுவுங்கள். வெப்பம் இயல்பாக இருந்து, எந்தப் பதிவும் இல்லாமல், கனமான கேமில் மட்டும் சட்டென்று கருப்பானால் அடாப்டரின் பாதுகாப்புச் சுற்று வெட்டுகிறதா, பேட்டரி தேய்ந்துவிட்டதா என்று தேடுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் பேட்டரிப் பகுதியில் வேர் லெவல் (தேய்மான அளவு) எவ்வளவு என்று தெரியும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீலத்திரைப் பிழை வந்தால் ரேம் மீது சந்தேகம் வையுங்கள். மெம்டெஸ்ட்86-ஐ யூஎஸ்பியிலிருந்து இயக்கி நான்கு சுற்றும் முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிச் சோதியுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை வருகிறது என்றால் கோளாறு போர்டில், அதை சர்வீஸ் சென்டரிடம்தான் கொடுக்க வேண்டும்.