மட்டக்களப்பில் காற்றை அளக்கப் போகிறவர்கள் விடும் தவறுகள்

காற்று ஆராய்ச்சி என்றதும் எங்கள் பக்கத்தில் சூறாவளிப் பேச்சுத்தான் வரும். 1978 நவம்பர் 23ஐக் கண்ட ஊர், வராமல் இருக்குமா? ஆனால் நிலத்தை ஒட்டிய ஒன்றிரண்டு கிலோமீற்றர் உயரத்துக்குள் எழும் கொந்தளிப்பை ஆராய்கிறவருக்குச் சாதாரண நாளே போதும். வயலின் ஈரம், மணலின் சூடு, அடுப்புப் புகை எல்லாம் எந்தச் சுழியில் ஏறி எங்கே போகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் இந்தத் தலைப்பை எடுத்தால், பிழைகளில் பாதி கருவியை நடும் அன்றே நடந்து முடிந்துவிடும்.

ஆய்வுகூடக் கூரையில் காற்றுமானியைப் பூட்டுவதுதான் முதல் தவறு. களவு போகாது, மின்சாரமும் பக்கத்திலேயே இருக்கிறது, சரி. ஆனால் அங்கே அளக்கப்படுவது கட்டிடத்தில் மோதிச் சிதறிய காற்று. திறந்த வெளியில் 10 மீற்றர் உயரம், தடை எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் என்பதுதான் உலக வானிலை அமைப்பின் வழிகாட்டல். 15 மீற்றர் தென்னை என்றால் 150 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கல்லடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில் அப்படியொரு இடத்தைத் தேடிப் பாருங்கள்!

ஆகவே பலர் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலுக்குப் போகிறார்கள். நல்லது. ஆனால் வரம்போரமாக, வண்டி போய் நிற்கும் இடத்தில் கம்பத்தை நட்டுவிடுகிறார்கள். வயலிலிருந்து எழும் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்க, கருவி பயிருக்கு மேல் நிற்கும் உயரத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு தூரத்துக்குக் காற்று வரும் திசையில் அதே வயல் இருக்க வேண்டும். மூன்று மீற்றருக்கு 300 மீற்றர். மேற்கு எல்லையில் நட்ட கம்பம் வாடைக்காற்றில் வயலைச் சொல்லும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கியதும் பின்னாலிருக்கும் றோட்டைச் சொல்லும். தரவுத்தாளில் இரண்டும் 'வயல்' என்றே பதிவாகியிருக்கும்.

அடுத்தது, ஏற்ற இறக்கத்தைக் குப்பையாக நினைப்பது. ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் 1895இல் ஓட்டத்தைச் சராசரி, அதிலிருந்து விலகும் துடிப்பு என இரண்டாகப் பிரித்தார். மேலெழும் வெப்பமும் ஈரமும் அந்தத் துடிப்பில்தான் இருக்கின்றன: செங்குத்து வேகத்தின் துடிப்பையும் வெப்பநிலையின் துடிப்பையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் வெப்பப் பாய்வு வரும். வரைபு அழகாக வரவேண்டும் என்று முதலிலேயே வழவழப்பாக்கிவிட்டால் அப்புறம் அளக்க ஒன்றும் மிஞ்சாது. செக்கனுக்கு 10 அல்லது 20 தடவை பதியும் ஒலிவழிக் காற்றுமானி இதற்காகத்தான். கிண்ணக் காற்றுமானிக்குச் செங்குத்து வேகமே தெரியாது. வீச்சு வந்தால் சட்டென்று வேகம் பிடித்து, ஓய்ந்தால் மெதுவாகவே குறைவதால் சராசரியையும் சற்றுக் கூட்டிச் சொல்லும். கடலோர உப்பு அதன் அச்சைப் பிடித்துக்கொண்டால் அதற்கு நேர்மாறு.

திசையைச் சாதாரணக் கூட்டல் கணக்கில் சராசரி எடுக்கவே கூடாது. 350 பாகையும் 10 பாகையும் சேர்ந்தால் 180 வரும். மார்கழி வாடை தெற்கிலிருந்து அடித்ததாக அறிக்கை சொல்லும்.

உயரத்தோடு காற்றின் வேகம் எப்படிக் கூடும் என்று சொல்லும் பாடப்புத்தகத்து மடக்கைச் சூத்திரத்தை எங்கும் பொருத்துவதும் இங்கே சரிவராது. அதை விரித்து 1954இல் சோவியத் அறிவியலாளர்கள் மோனினும் ஒபுகோவும் தந்த கோட்பாடும் சீரான பரந்த நிலத்துக்கானது. 1968இல் அமெரிக்காவின் கன்சாஸில் அதைச் சோதித்ததும் சமதரையில்தான். இங்கேயோ கடல், மணல், தென்னை, வாவி, வயல் எல்லாம் சில கிலோமீற்றருக்குள். தரை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கீழிருந்து புதிய காற்றடுக்கு ஒன்று எழும்பும். அதன் உயரம் கடந்த தூரத்தின் பத்திலொன்று அளவு. கரையிலிருந்து 50 மீற்றரில் நிற்கும் 10 மீற்றர் கம்பத்தின் உச்சி இன்னும் கடற்காற்றிலேயே இருக்கும், அடி நிலத்துக்கு மாறியிருக்கும். இரண்டையும் ஒரே வளைவில் சேர்த்துக் கணக்கிட்ட, தரையின் கரடுமுரட்டு அளவுக்குப் பொருளே இல்லை.

ஆனி, ஆடியில் இன்னொரு சங்கடம். பின்னேரம் கரையில் அடிக்கும் காற்றெல்லாம் கடற்காற்று என்று எழுதிவிடுகிறார்கள். கச்சான் மலைநாட்டைத் தாண்டி வருவது. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும்போது கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை செல்சியஸ் அளவில் சூடாகும். வலுத்த நாளில் கடற்காற்றைக் கரையேறவே விடாது. இரண்டும் மல்லுக்கட்டும் நாளில் திசை திடீரென்று திரும்பும், ஈரப்பதன் குதிக்கும். அதைக் 'கருவிக் கோளாறு' என்று அழித்துவிடாதீர்கள். ஆய்வேட்டிலேயே சுவையான பக்கம் அதுவாக இருக்கலாம்.

கடைசித் தவறை ஆய்வாளர் மட்டுமல்ல, கமக்காரரும் விடுகிறார். விடியற்காலையில் இலை அசையாது. மருந்தடிக்க இதுதான் நல்ல நேரம் என்று தோன்றும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலுள்ளதைவிடக் குளிராகிவிடுகிறது. கனமான அந்தக் காற்று மேலே எழும்பாது, கலக்காது. வைக்கோல் எரித்த புகை வயல்வெளிக்கு மேலே பாய் விரித்தாற்போல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்தின் நுண்துளிகளும் அப்படித்தான், கலைந்து ஐதாகாமல் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்தவர் வீட்டு வளவுக்குள் போகும். வெயில் ஏறிப் புகை மேலே கிளம்பத் தொடங்கியபின், ஒரே திசையில் மெல்லிய காற்று இருக்கும்போது, கிணறும் குடிமனையும் இல்லாத பக்கமாக அது வீசுகிறதா என்று பார்த்து அடிக்க வேண்டும்.