நல்ல நடிகர்கள் வீணான பேய்ப்படத்தைப் பார்ப்பது எப்படி

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேருக்கு நடிப்புப் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களோடு 1999-இல் வந்த 'தி ஹான்டிங்' படத்தை ஒருமுறை கட்டாயம் பார்த்துவிடுவேன். லியாம் நீசன், கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ், ஓவன் வில்சன், லிலி டெய்லர் என்று நாலு பேருமே கெட்டிக்காரர்கள். படமோ துளிகூடப் பயமுறுத்தாது. முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "இவ்வளவு பெரிய நடிகர்கள் ஏன்க்கா இப்படிச் சொதப்பினாங்க?"

அவர்கள் சொதப்பவில்லை. அதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நோட்டும் வேண்டும். ஷெர்லி ஜாக்சனின் 1959 நாவலை வைத்து ராபர்ட் வைஸ் 1963-இல் எடுத்த அதே பெயருள்ள கறுப்பு வெள்ளைப் படமும் வேண்டும். புதியதை முதலில் பாருங்கள். பழையதை முதலில் பார்த்துவிட்டால் புதியதன் மேல் கோபம்தான் வரும், கவனம் வராது.

புதிய படத்தைப் பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியிலும் உங்கள் கண் எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முகத்துக்குப் போனால் 'மு', கதை நடக்கும் பேய் மாளிகைக்குப் போனால், வீடு என்பதற்கு 'வீ'. தொடக்கத்தில் 'மு' நிறைய வரும். லிலி டெய்லர் நடிக்கும் நெல், படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவள். அம்மா கைத்தடியால் சுவரைத் தட்டினால் ஓடவேண்டும். அம்மா போன பிறகு இருந்த வீடும் கையை விட்டுப் போகிறது. தூக்கமின்மை ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டு அந்த மாளிகைக்கு வருகிறாள். நீசனின் டாக்டர் ஆராய்வதோ பயத்தை. இந்த வரலாறு முழுவதையும் லிலி டெய்லர் தன் தோள்களில் வைத்திருக்கிறார். யாராவது அன்பாகப் பேசினால்கூட அந்தத் தோள்கள் ஒரு நொடி சுருங்குவதைக் கவனியுங்கள்.

அப்புறம் நோட்டில் 'வீ' மட்டும்தான். படுக்கை விரிப்பு குழந்தை முகமாகப் புடைக்கிறது, சிலைகள் அசைகின்றன, அறையே அவளைப் பிடித்து அமுக்குகிறது. இவற்றில் பெரும்பகுதி பிறகு கணினியில் சேர்த்தது. நடிக்கும்போது எதிரில் ஒன்றுமில்லை. என் மாணவர்களைக் காலியான சுவரைப் பார்த்துப் பயப்படச் சொல்வேன். எல்லோருக்கும் ஒரே முகம்தான் வரும்: விரிந்த கண், திறந்த வாய். அதே ஆட்களைச் சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார வைத்து, வெளியே நின்று மெதுவாகத் தட்டுவேன். ஆளுக்கொரு முகம் வரும். ஒரு பெண் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் அடக்கிக்கொண்டாள், அதை நான் சொல்லித்தரவில்லை. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள்.

இப்போது பழைய படத்தில் இரவில் சுவர் அதிரும் காட்சிக்கு வாருங்கள். ஜூலி ஹாரிஸும் க்ளேர் ப்ளூமும் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இடிக்கும் சத்தம் நெருங்கி வருகிறது, அவ்வளவுதான். பேய் கடைசி வரை கண்ணில் படாது. இன்னொரு காட்சியில் இருட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் நாயகி. விளக்கு எரியும்போது தோழி அறையின் மறுபக்கத்தில் இருக்கிறாள். அந்த இடத்தில் ஜூலி ஹாரிஸின் முகத்தை மூன்று முறையாவது திரும்பப் பாருங்கள். பயத்துக்கு முன்னால் ஒரு கணம், தனக்கென்று ஒரு கை கிடைத்த நிம்மதி அதில் இருக்கிறது.

புதிய படத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு பாத்திரத்தையும் மனதுக்குள் நீக்கிப் பாருங்கள். ஸீட்டா ஜோன்ஸின் தியோ இல்லாவிட்டால் கதை நின்றுபோகுமா? போகாது. ஓவன் வில்சனின் தலையைக் கணப்படுப்பின் சிங்கத்தலை துண்டிக்கிறது, மற்றவர்களுக்கு அதற்காகக் கலங்கக்கூட இடம் தரப்படவில்லை. ப்ரூஸ் டெர்ன் போன்ற ஒரு பெரிய நடிகர் வாயிற்கதவைத் திறந்துவிட வருகிறார். மோசமான படங்களுக்குக் கேலியாக விருது கொடுக்கும் ராஸி விருதுக்காரர்கள் இந்தப் படத்துக்கு ஐந்து பரிந்துரைகள் கொடுத்தார்கள், அதில் ஸீட்டா ஜோன்ஸுக்கு மோசமான நடிகை என்றும் ஒன்று. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

ஒரே ஒரு இடம் தப்பியிருக்கிறது. வேலைக்காரம்மாவாக வரும் மரியன் செல்டெஸ், ராத்திரியில், இருட்டில் கூப்பிட்டாலும் இங்கே யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். எந்த வித்தையும் இல்லை. ஒரு முகம், ஒரு குரல். உங்கள் நோட்டில் அங்கே 'மு' என்று இருக்கும்.

இயக்கியவர்களின் முந்தைய வேலையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புதியதை இயக்கிய யான் டி பாண்ட் ஒளிப்பதிவாளராக இருந்தவர், 'ஸ்பீட்', 'ட்விஸ்டர்' எடுத்தவர். பேருந்தும் சூறாவளியும் பாய்வதைக் காட்டுவதில் அவர் வல்லவர், இங்கே வீட்டையும் பாயவைத்துவிட்டார். எட்டுக் கோடி டாலர் செலவு செய்த படம், காசு போனது தெரியவேண்டும் அல்லவா? வைஸ் படத்தொகுப்பாளராக இருந்தவர். 1940-களில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் சிறு செலவுப் பேய்ப்படங்கள் எடுத்துப் பழகியவர். காட்டக் காசில்லாத இடத்தில் மறைக்கக் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்.

கடைசியாக, 2013-இல் வந்த 'தி கான்ஜுரிங்'. அதே லிலி டெய்லர், ஐந்து பெண்களின் அம்மா. நிலவறைப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டு தீக்குச்சி கிழிக்கும் காட்சியில், இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து கைதட்டும். கை வருவதற்கு முன்னால் படத்தை நிறுத்துங்கள். குச்சி வெளிச்சத்தில் அந்த முகம் மட்டும் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நோட்டில் 'மு' எழுதுங்கள்.