மீன் தொட்டிக்கு எல்ஈடியா, ட்யூப் லைட்டா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு இரண்டடித் தொட்டிக்கு முதலில் போட்டிருந்தது 18 வாட் ட்யூப் லைட்தான். சித்திரை வெயிலில் மூடியைத் தொட்டாலே சுடும். குழாயும் சோக்கும் சேர்ந்து கக்குகிற சூடு மூடிக்குள்ளேயே தங்கித் தண்ணீரில் இறங்கும், தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பார்க்கவே பாவமாக இருக்கும். நம்ம திருநெல்வேலி வெயிலுக்கு எல்ஈடிதான் சரி என்று நான் சொல்வது முதலில் இதற்காகத்தான்.

மின்கட்டணம் அப்புறம். 10 வாட் எல்ஈடி தினம் 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 2.4 யூனிட், அந்த ட்யூபுக்கு சோக்கைச் சேர்க்காமலே 4.3.

செடி வைத்திருந்தால் வெறும் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள், பெட்டியில் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை நிறம், என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ட்யூப் எரிந்துகொண்டே இருந்தாலும் நாளாக ஆக வெளிச்சம் மங்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும், அதனால்தான் செடித் தொட்டிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். எல்ஈடியும் மங்கும்தான், ஆனால் பல வருடம் ஆகும்.

ஒன்று மட்டும் கவனம். எல்ஈடி பளிச்சென்று இருக்கிறதே என்று நாள் முழுக்கப் போட்டால் கண்ணாடியெல்லாம் பாசி பிடித்துவிடும், டைமர் வைத்து 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். தண்ணீர் தெறிக்கிற இடம் என்பதால் ஐபி67 (தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான குறியீடு) என்று குறித்ததையே கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய ட்யூபை உடைத்துப் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.