ஓவரி வேற, கர்ப்பப்பை வேற: மார்பகப் புற்றுநோய்க்கு அப்புறம் இந்த ஆபரேஷனை எப்படி முடிவு பண்றது

மார்பகப் புற்றுநோய் ட்ரீட்மென்ட் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விடற நேரத்துல தான் இந்தப் பேச்சு வரும். "குழந்தையெல்லாம் பெத்தாச்சு, இனிமே எதுக்கு அது, ஓவரி கர்ப்பப்பை எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டா நிம்மதி"ன்னு யாராவது சொல்லுவாங்க, சில நேரம் டாக்டரே ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த பேஷண்டைப் பாக்கப் போயிடுவாங்க. எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு. பல மாசம் கேட்டு அலைஞ்சு கடைசில ஓவரியையும் (சினைப்பை) ட்யூபையும் (கருக்குழாய்) மட்டும் எடுத்துக்கிட்டேன், கர்ப்பப்பையை விட்டுட்டேன். நீங்களும் அதையே செய்யணும்னு சொல்ல வரல. ஓவரியை எடுக்க ஒரு காரணம் வேணும், கர்ப்பப்பையை எடுக்க தனியா இன்னொரு காரணம் வேணும், ரெண்டையும் தனித்தனியா கேட்டு வாங்குங்க, அவ்ளோதான்.

முதல்ல ஜீன் டெஸ்ட். இது இல்லாம இந்தப் பேச்சையே ஆரம்பிக்காதீங்க. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2ன்னு ரெண்டு ஜீன், இதுல கோளாறு இருந்தா மார்பகத்தோட ஓவரிலயும் கேன்சர் வர வாய்ப்பு ரொம்ப கூடுது. சாதாரணமா 100 பெண்கள்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வாழ்நாள்ல ஓவரி கேன்சர் வரும்னா, பிஆர்சிஏ 1 கோளாறு இருக்கறவங்கள்ல 100க்கு 40 பேர் பக்கம், பிஆர்சிஏ 2ல 15லேர்ந்து 20 பேர் வரைக்கும். அதனால தான் 1 இருக்கறவங்களுக்கு 35லேர்ந்து 40 வயசுக்குள்ள, 2 இருக்கறவங்களுக்கு 40லேர்ந்து 45க்குள்ள, குழந்தை வேணும்ங்கற எண்ணம் முடிஞ்சிருந்தா எடுத்துடச் சொல்றாங்க. பிரிப் 1, ராட் 51சி, ராட் 51டின்னு வேற ஜீன்களும் இருக்கு, அதுக்கு இன்னும் கொஞ்சம் லேட்டா பண்ணலாம்.

ரிப்போர்ட்டை கைல வாங்கி நீங்களே படிங்க, ஜெனடிக் கவுன்சிலர் இருந்தா அவங்க கூட உக்காந்து படிங்க. அதுல "அர்த்தம் இன்னும் தெரியாத மாற்றம்"னு ஒரு வகை வரும், சுருக்கமா வியூஎஸ்னு சொல்லுவாங்க. அதைப் பாத்து பயந்து ஓவரியை எடுக்கக் கூடாது, ஏன்னா அதுல பெரும்பாலானது பின்னாடி ஒண்ணும் இல்லன்னு முடிவாகும்.

டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, குடும்பத்துலயும் யாருக்கும் ஓவரி கேன்சர் இல்லன்னா, ஓவரி கேன்சருக்கு பயந்து எடுக்க காரணமே இல்ல. "மார்பகத்துல இருந்தது அங்க பரவிடும், அதுக்கு முன்னாடி எடுத்துடு"ன்னு சொல்றவங்க நிறைய பேர், அது தப்பு, ஓவரியை எடுத்து பரவறதுக்கு வழி அடைக்க முடியாது.

ஆனா ரெண்டாவது ஒரு காரணம் இருக்கு. உங்க கட்டி ஈஆர் பாசிட்டிவ் (அதாவது ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனால வளர்ற வகை), உங்களுக்கு பீரியட்ஸ் இன்னும் நிக்கல, திரும்ப வர ரிஸ்க் கொஞ்சம் அதிகம்னா, ஓவரி சுரக்கற ஈஸ்ட்ரோஜனை நிறுத்தறதே ஒரு ட்ரீட்மென்ட் தான். கேன்சர் திரும்ப வராம இருக்க குடுக்கற லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி ஹார்மோனைக் குறைக்கற மாத்திரையெல்லாம் ஓவரி வேலை செஞ்சுட்டு இருந்தா பலிக்காது. இதுக்கு கோசரெலின், லூப்ரோலைட்னு ஊசி இருக்கு, மாசம் ஒருதரம் போட்டா ஓவரி தூங்கிடும், நிறுத்தினா வயசைப் பொறுத்து பெரும்பாலும் முழிச்சுக்கும். இங்க தான் நான் ரொம்ப வற்புறுத்தி சொல்றது: ஆபரேஷனுக்கு அவசரம் இல்லன்னா ஒரு நாலஞ்சு மாசம் ஊசி போட்டுப் பாருங்க. மெனோபாஸ் (பீரியட்ஸ் நின்னு போறது) உங்க உடம்புல எப்படி இருக்கும்னு அப்பவே தெரிஞ்சுடும், தாங்க முடியலன்னா திரும்பி வர வழி இருக்கு, ஆபரேஷன்ல அந்த வழி கிடையாது. குழந்தை வேணும்னு மனசுல ஒரு ஓரத்துல இருந்தாக்கூட முட்டையையோ கருவையோ உறைய வெச்சு சேமிக்கறதைப் பத்தி முன்னாடியே பேசிடுங்க.

சரி, எடுக்காம ஸ்கேன் பண்ணியே பாத்துக்கலாமான்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். சிஏ 125 ரத்த டெஸ்டும் ஸ்கேனும் இருக்கு, ஆனா ஓவரி கேன்சரை சீக்கிரமே பிடிச்சு உயிரைக் காப்பாத்தும்னு அது ரெண்டும் நிரூபிக்கல. ஜீன் கோளாறு உறுதியா இருந்தா ஸ்கேனை நம்பி தள்ளிப் போடாதீங்க. எடுத்தா அந்த ரிஸ்க் சுமார் 80 சதவீதம் குறையுது, முழுசா போகாது, ஏன்னா வயித்து உள்சவ்வுல அதே மாதிரி கேன்சர் அபூர்வமா வரலாம்.

இப்ப கர்ப்பப்பை. பிஆர்சிஏ இருக்குங்கறதுக்காக மட்டும் இதை எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. பிஆர்சிஏ 1ல கர்ப்பப்பையோட ஒரு அபூர்வமான கேன்சர் கொஞ்சம் கூடுதலா வரலாம்னு தெரிஞ்சிருக்கு, ஆனா ரிஸ்க் சின்னது, பேசி முடிவு பண்ண வேண்டியது. ஏஞ்சலினா ஜோலி 2015ல ஓவரியும் ட்யூபும் எடுத்துக்கிட்டப்ப கர்ப்பப்பையை விட்டு வெச்சாங்க, குடும்பத்துல அந்த கேன்சர் இல்லன்னு காரணமும் சொன்னாங்க. லின்ச் சிண்ட்ரோம்னு வேற ஒரு ஜீன் கோளாறு இருந்தா கதையே வேற, அதுல இந்த ரெண்டு உறுப்புல கர்ப்பப்பைக்கு தான் ஆபத்து அதிகம். அதே போல பெரிய ஃபைப்ராய்டு (கேன்சர் இல்லாத கர்ப்பப்பை கட்டி), நிக்காத ப்ளீடிங், பயாப்சில சந்தேகமா செல்கள், இதெல்லாம் நியாயமான காரணம்.

மார்பகப் புற்றுநோய் திரும்ப வராம இருக்க குடுக்கற டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடறவங்க இதைக் கவனமா படிங்க. மெனோபாஸுக்கு அப்புறம் அந்த மாத்திரை கர்ப்பப்பை கேன்சர் வாய்ப்பை ரெண்டு மூணு மடங்கு கூட்டும், ஆனா அடிப்படை ரிஸ்க் சின்னதுங்கறதால மடங்கானாலும் பெரும்பாலானவங்களுக்கு வராது. இன்னொண்ணு, டமாக்ஸிஃபென் ஸ்கேன்ல கர்ப்பப்பையோட உள்வரியை தடிமனா காட்டும், பீரியட்ஸ் நிக்காதவங்களுக்கு ஓவரில நீர்க்கட்டியும் வர வெக்கும். அந்த ஸ்கேனைப் பாத்துட்டு பதறி எல்லாத்தையும் எடுத்தவங்களை எனக்குத் தெரியும், பயாப்சில ஒண்ணுமே இல்ல. ப்ளீடிங் இல்லாதப்ப சும்மா சும்மா ஸ்கேன் வேண்டாம். மெனோபாஸ் ஆனப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

அப்புறம் யாரும் வாய் தொறந்து சொல்லாத பகுதி. இயற்கையா மெனோபாஸ் வருஷக்கணக்கா மெதுவா வரும், ஓவரியை எடுத்தா ஒரே நாள்ல வந்துடும். எனக்கு மூணாம் நாளே ராத்திரி வேர்த்து கொட்டி எழுந்து உக்காந்துட்டேன், தூக்கம் போச்சு, காரணமே இல்லாம அழுகை. மத்தவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை குடுத்து சமாளிப்பாங்க, மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்கு பொதுவா அது குடுக்க மாட்டாங்க, அதனால மாத்து வழி என்னன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க. வெனலாஃபாக்ஸின், கபாபென்டின் ரெண்டும் வேர்வைக்கு உதவும். டமாக்ஸிஃபென்ல இருந்தா பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் வேண்டாம்னு ஞாபகப்படுத்துங்க, அந்த மாத்திரை வேலை செய்யறதை அது ரெண்டும் கெடுக்கும். பிறப்புறுப்பு வறண்டு போய் தாம்பத்தியம் வலிக்கும், இதை சொல்ல வெக்கப்பட்டு எத்தனையோ பேர் வருஷக்கணக்கா பொறுத்துக்கறாங்க, பொறுக்க வேண்டாம், மாய்ஸ்சரைசர், லூப்ரிகன்ட் ரெண்டும் ஹார்மோன் இல்லாமலே கிடைக்குது. கணவர்கிட்டயும் முன்னாடியே பேசிடுங்க, அப்புறம் அவர் தன்னை ஒதுக்கறீங்கன்னு நினைச்சுக்குவார்.

எலும்பும் இதயமும் சத்தமில்லாம பாதிக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி எலும்போட அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன் ஒண்ணு எடுத்து வெச்சாத்தான் பின்னாடி எவ்ளோ குறைஞ்சுதுன்னு தெரியும். விட்டமின் டி பாத்துக்கங்க, தினமும் நடங்க, முடிஞ்சா எடை தூக்கற பயிற்சி, பிபி கொலஸ்ட்ரால் வருஷத்துக்கு ஒருதரம்.

முடிவு பண்ணிட்டா டாக்டர்கிட்ட இதையெல்லாம் கேட்டு எழுதிக்கங்க: ரெண்டு ட்யூபையும் முழுசா எடுப்பீங்களா (நிறைய ஓவரி கேன்சர் ட்யூப் நுனில தான் ஆரம்பிக்குது), வயித்துக்குள்ள கழுவின நீரை டெஸ்டுக்கு அனுப்புவீங்களா, லேப்ல ட்யூபை மெல்லிசா வெட்டி முழுசா பாக்க சொல்லுவீங்களா, டமாக்ஸிஃபென்னை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும். ஓவரியும் ட்யூபும் மட்டும்னா லேப்ராஸ்கோப்பில மூணு நாலு சின்ன ஓட்டை, பெரும்பாலும் அன்னைக்கோ மறுநாளோ வீடு, ஓரிரு வாரத்துல வேலை. கர்ப்பப்பையும் சேந்தா நாலுலேர்ந்து ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது.

தையல் ஆறிடுச்சுன்னு லேப் ரிப்போர்ட்டை மறந்துடாதீங்க. ஜீன் கோளாறு இருக்கறவங்கள்ல சிலருக்கு கண்ணுக்குத் தெரியாத கேன்சர் அந்த ட்யூப்ல ஏற்கனவே இருந்திருக்கு, ரிப்போர்ட்லதான் தெரிய வரும், அது வர வரைக்கும் கேட்டுட்டே இருங்க.