பணிமூப்பு ஆளும் பார்சல் கிடங்கில் உழைப்பை எங்கே செலவிடுவது

அமெரிக்காவில் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் பார்சல் கிடங்கில் புதிதாகச் சேர்பவர், முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து மனம் சோர்ந்துவிடுவார். பக்கத்து டிரெய்லரில் நிற்பவரைவிட இவர் ஒன்றரை மடங்கு பார்சல்களை ஏற்றுகிறார். ஆனாலும் கூடுதல் மணிக்கூலி அவருக்குத்தான். விடுமுறை வாரத்தை முதலில் தேர்ந்தெடுப்பவரும், இலகுவான இடம் காலியானால் அங்கே போகிறவரும் அவரே. காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: அவர் ஆறு ஆண்டுகள் முன்னால் சேர்ந்தவர். இதைக் கேட்டு "இங்கே உழைத்துப் பயனில்லை" என்று கையைக் கட்டிக்கொள்பவரும் உண்டு. இன்னும் வேகமாக ஓடினால் யாராவது கவனிப்பார்கள் என்று நம்புகிறவரும் உண்டு. இருவருமே தவறான கணக்கைப் போடுகிறார்கள்.

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பார்சல் விநியோக நிறுவனமான யுபிஎஸ்ஸுக்கும் அதன் பணியாளர்களின் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸுக்கும் இடையே 2023 ஆகஸ்டில் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 3,40,000 பேருக்குப் பொருந்துகிறது. 2028 ஜூலை 31 வரை நடப்பில் இருக்கும். பகுதிநேரப் பணியாளரின் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர் என்றும், ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 7.50 டாலர் உயர்வு என்றும் அதில் இருக்கிறது. வேகமாக வேலை செய்பவருக்குத் தனிக்கூலி என்று எந்த வரியும் இல்லை. தேசிய ஒப்பந்தத்தோடு நின்றுவிட வேண்டாம். விடுமுறைத் தேர்வு, வேலை மாற்றம், தகுதிகாண் காலம் போன்ற அன்றாட விஷயங்களை வட்டாரத் துணை ஒப்பந்தங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அவை ஊருக்கு ஊர் மாறும். சங்கப் பிரதிநிதியான ஸ்டீவர்டிடம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

தகுதிகாண் காலம் முடியும்வரை, உழைப்பைப் போல உங்களைக் காப்பாற்றக்கூடியது வேறு எதுவும் இல்லை. அந்த நாட்களில் உங்களை நிறுத்துவதற்குப் பெரிய காரணம் தேவைப்படாது. உங்களுக்காகச் சங்கம் வாதாடவும் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வாருங்கள். வேகத்தைவிட முறையைக் கற்றுக்கொள்வது நல்லது. டிரெய்லருக்குள் பார்சல்களைச் சுவர் எழுப்புவதுபோல் அடுக்க வேண்டும்: கனமான, சதுரமான பெட்டிகள் கீழே, செங்கல் வரிசையைப் போல இரண்டு பெட்டிகளின் இணைப்பின் மேல் மூன்றாவது பெட்டி, இலேசானவையும் பைகளும் மேலே. இடுக்கு விடாமல் கட்டிய சுவர் வழியில் சரியாது. அவசரத்தில் எறிந்து நிரப்பியவருடைய சுவரோ பாதி ஷிப்டில் அவர் காலிலேயே விழும். அதை எடுத்து மறுபடி அடுக்குவதற்குள், நிதானமாக வேலை செய்தவர் முந்திவிடுவார். மேற்பார்வையாளர்கள் இதைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

தகுதிகாண் காலம் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பணிமூப்புப் பட்டியலுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பெயர், அதற்கு நேராக ஒரு தேதி, அவ்வளவுதான் இருக்கும். யார் எத்தனை பெட்டி ஏற்றினார் என்ற பத்தி அதில் கிடையாது. உங்கள் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் பிசகினாலும் அன்றே எழுத்துமூலம் திருத்தக் கேளுங்கள். ஏனெனில் பார்சல்கள் குவியும் உச்சப் பருவத்தில் ஒரே வாரத்தில் பத்துப் பேரைச் சேர்க்கும் இடத்தில், ஒரு நாள் வித்தியாசம் பத்து இடங்களைப் பின்னால் தள்ளிவிடும். ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேறுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வேகத்தைப் பற்றி. யுபிஎஸ் ஒப்பந்தத்தின் 37ஆம் பிரிவு, நியாயமான ஒரு நாள் கூலிக்கு நியாயமான ஒரு நாள் வேலை என்ற கோட்பாட்டைச் சொல்லிவிட்டு, நிறுவனம் பணியாளரை மிரட்டவோ அளவுக்கு மீறிக் கண்காணிக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. இதில் இரண்டு தரப்புக்கும் கடமை இருக்கிறது: சோம்பிக் கிடப்பதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல, மூச்சு வாங்க ஓடுவதும் எங்கும் கேட்கப்படவில்லை. பகுதிநேரப் பணியாளருக்கு நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் உறுதி அளிக்கப்பட்டிருப்பதால், அதற்கு மேல் கிடைக்கும் நேரம் அன்றைய வேலையின் அளவைப் பொறுத்தது. இருவர் வேலையை ஒருவராக முடித்துக் காட்டினால், நாளை அந்த வரிசையில் ஒருவரைத்தான் நிறுத்துவார்கள். உங்கள் கூலி நேரமும் சுருங்கும். தோள்மூட்டும் இடுப்பும் தேய்ந்து மூன்றாவது ஆண்டில் வேலையை விட்டவருக்கு, சேர்த்துவைத்த பணிமூப்பு முழுவதும் போய்விடும். எனவே ஷிப்டின் முதல் மணியில் எந்த வேகத்தில் தொடங்குகிறீர்களோ, கடைசி மணியிலும் தாங்கக்கூடிய வேகமாக அது இருக்கட்டும். அடிபட்டால் அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் தெரிவித்துவிடுங்கள். "நாளை சரியாகிவிடும்" என்று வீட்டுக்குப் போனவர்கள் பிறகு நிரூபிக்க முடியாமல் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மிச்சமாகும் சக்தியை எங்கே செலவிடலாம் என்றால், தகுதியை வளர்ப்பதில். பணிமூப்பு கதவைத் திறந்துவிடும்; உள்ளே நிலைத்து நிற்க வேலை தெரிந்திருக்க வேண்டும். பார்சலைப் பிரித்தனுப்பும் இடத்துக்கு அஞ்சல் குறியீடுகள் மனப்பாடமாக வேண்டும். ஓட்டுநர் பணிக்குக் குற்றமில்லாத ஓட்டுநர் பதிவும், கண்காணிப்பின் கீழ் ஓட்டிக் காட்டித் தேறுவதும் வேண்டும். வரிசையில் தம் முறை வந்தும் இந்தத் தயாரிப்பு இல்லாமல் வாய்ப்பைப் பின்னால் நின்றவருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாக் கிடங்குகளிலும் இருக்கிறார்கள். காலியிட அறிவிப்பு பலகையில் சில நாட்களே இருக்கும். கையெழுத்திடாதவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்குப் போகும்போது பல நோக்கங்களுக்குப் புதிய தேதி தொடங்கும், வேறு கட்டடத்துக்கு மாறினால் பெரும்பாலும் பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கடின உழைப்பாளிக்கென்றே ஒரு தூண்டில் இருக்கிறது. அவரைத்தான் அழைத்து, "மேற்பார்வையாளராக வருகிறாயா?" என்று கேட்பார்கள். 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மேற்பார்வையாளர்களைத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. அந்தப் பதவியை ஏற்பவர் சங்க ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறுகிறார். மேலாண்மையில் வளர விரும்புபவருக்கு அது நல்ல பாதைதான். ஆனால் கூலியில் சிறிது கூடுகிறதே என்று மட்டும் போனவர், பிறகு மனம் மாறித் திரும்பினால், பழைய தேதி அப்படியே காத்திருக்கும் என்று எண்ணக் கூடாது. ஒப்புக்கொள்வதற்கு முன் அதை எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

பணிமூப்பு மீறப்பட்டால் சத்தம் போடாதீர்கள், எழுதுங்கள். உங்களைவிடப் பின்னால் சேர்ந்தவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்து உங்களை வீட்டுக்கு அனுப்பினால், தேதி, நேரம், வரிசை எண், அங்கிருந்தவர் பெயர் ஆகியவற்றைச் சட்டைப்பையிலுள்ள சிறு குறிப்பேட்டில் குறித்து, ஸ்டீவர்ட் வழியாகப் புகார் மனு கொடுங்கள். மனுவுக்குக் கெடு உண்டு. அது சில நாட்களாகவே இருக்கலாம். சங்கப் பணியாளர் செய்ய வேண்டிய வேலையை மேற்பார்வையாளர் செய்தால், பாதிக்கப்பட்டவருக்கு இரட்டைக் கூலி தரவும் யுபிஎஸ் ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. அலுவலக அறைக்கு அழைத்து விசாரிக்கிறார்களா? அது தண்டனையில் முடியலாம் என்று தோன்றினால், சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும். 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வைன்கார்ட்டன் வழக்கில் உறுதிசெய்த உரிமை அது, கேட்காதவருக்குக் கிடைக்காது.

பந்திக்கு முந்துகிறவரே படைக்குப் பிந்தினால் யாருக்கும் எரிச்சல் வரும். மூத்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் தேதிக்குப் பதிலாக எதை வைப்பது என்று யோசித்துப் பாருங்கள். திறமையை அளப்பவர் மேற்பார்வையாளர். அவருடைய மச்சானும், அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பவரும் திறமைசாலிகளாகிவிடுவார்கள். யாருடைய விருப்பு வெறுப்புக்கும் வளையாதது தேதி ஒன்றுதான் என்பதால், அதன் குறைகளோடு அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மெத்தனமாக இருக்கும் மூத்தவரைப் பற்றி மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவருடைய பங்கையும் சேர்த்துத் தூக்கவும் வேண்டாம்; உங்கள் டிரெய்லர் நிரம்பியதும் கதவை மூடிவிட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பக்கத்து டிரெய்லரில் குவிந்து கிடப்பதற்கு ஆள் போடுவது அவருடைய வேலை.