ஃபில்லர் ஊசி பிழையாகிப்போனால்: முதலில் மருந்து, பிறகுதான் ஒட்சிசன் அறை

ஹட்டனில் 18 வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். முகத்தோலைப் பார்த்தே சோறு சாப்பிடுகிற எனக்கும் அன்று காலையில் சித்தி மகளின் முகத்தைப் பார்த்ததும் கை உதறியது.

அவளுக்குக் கொழும்பில் வேலை. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டை நிரப்ப வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபில்லர் என்கிற ஜெல்லை ஊசியால் போட்டுக்கொண்டு, இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டாள். விடிந்து பார்த்தால் மூக்கின் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசினதுபோல வெளிறியிருந்தது. அதைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை பின்னினதுபோலக் கோடுகள். ஊசி போட்ட இடத்துக்குப் போன் எடுத்தால், "கன்றிப்போயிருக்கும், ஐஸ் வையுங்க" என்றார்கள்.

வெறும் கன்றல் இப்படி வலை பின்னாது. விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். நல்ல தோல் என்றால் வெளுத்து, ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்பிவிடும். அவளுடைய மற்றக் கன்னம் அப்படித்தான் திரும்பியது. இந்தப் பக்கம் ஐந்து வரை எண்ணினேன், வெளுப்பு அப்படியே நின்றது. எப்போதும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நம்முடைய நிறத்தில் மாற்றம் சட்டென்று பிடிபடாது. வலி இல்லையே என்றும் ஏமாறாதீர்கள். பல ஃபில்லர்களில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் கலந்தே வருகிறது.

நடந்தது இதுதான்: ஜெல் இரத்தக்குழாயை அடைத்துவிட்டது. ஐஸ் வைத்தால் குழாய் இன்னும் சுருங்கும். இளஞ்சூட்டுத் துணி வைக்கலாம். பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கண்ணுக்குள் வலித்தாலோ துணியும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இரத்தம் போகாவிட்டால் விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்குவதே பெரிய காரியம்.

சித்திக்கு அந்த நேரத்தில் ஒரே பிடிவாதம். பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரைப் புண், அமுக்கத்தைக் கூட்டிச் சுத்த ஒட்சிசனைச் சுவாசிக்க வைக்கிற ஒட்சிசன் அறையில் ஆறியதாம், நேரே அங்கேயே போகலாம் என்றார். நான் விடவில்லை. அடைப்பு ஹயலுரோனிக் அமில ஜெல் என்றால் அதைக் கரைக்கும் மருந்து ஹயலுரோனிடேஸ். அதுதான் முதல் வேலை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடைபட்ட பகுதி முழுக்கப் போட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்து, தேவையென்றால் மணிக்கொரு தரம் திரும்பப் போடுவார்கள். கல்சியம் ஃபில்லரையோ சிலிக்கனையோ இது கரைக்காது. அதனால்தான் ஃபில்லர் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்கிறேன். அவளிடம் அது இருந்தது, கைப்பையில் கசங்கிப்போய்.

அவளுடைய முகத்தைப் படமெடுத்துக் கொழும்பில் ஒரு டாக்டருக்குப் போனில் அனுப்பினோம். பார்த்தவர் உடனே இறங்கி வரச் சொன்னார். கொழும்புக்கு வேனில் நாலு மணி நேரத்துக்கு மேல். புறப்படும் முன்னமே போனில் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஹயலுரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா, போட்டுப் பழகிய டாக்டர் இருக்கிறாரா. வழியில் அரை மணிக்கொரு படம் எடுங்கள், ஒரே வெளிச்சத்தில்.

அங்கே ஹயலுரோனிடேஸ் ஊசி போட்டார்கள். அதற்கு மறுநாள்தான் ஒட்சிசன் அறை. அறை அடைப்பைக் கரைக்காது. சாதாரணமாக ஒட்சிசனைச் சிவப்பணுக்கள் சுமக்கின்றன, இரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிலீற்றர்தான் கரைந்திருக்கும். 3 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் சுத்த ஒட்சிசனைச் சுவாசித்தால் அது 6 வரை ஏறும். சிவப்பணு நுழைய முடியாத இடுக்கிலும் அந்த நீர் கசிந்து போகும், பட்டினி கிடக்கிற தோல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஃபில்லர் விஷயத்தில் இதற்கு ஆதாரம் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள்தான். அதனால் துணைச் சிகிச்சை என்றுதான் சொல்வார்கள். அழகு நிலையங்களில் இருக்கிற, 1.3 மடங்கு மட்டும் ஏறுகிற துணிக் கூடாரத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அவளுக்கு 10 தடவை கொடுத்தார்கள். 2.4 மடங்கு அமுக்கம், ஒவ்வொரு தரமும் 90 நிமிஷம், நடுவில் சாதாரணக் காற்றுக்கு இடைவேளை.

போகுமுன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது. வாசலீன், பவுடர், சென்ட், நகப்பூச்சு, ஹெயார் ஸ்ப்ரே எதுவும் கூடாது. சுத்த ஒட்சிசனில் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். நான் பிழைப்புக்கு வைத்திருக்கிற சாமான் அத்தனையும் அங்கே தடை! பருத்தி உடுப்பு, அதையும் அவர்களே தருவார்கள். போன், லைட்டர், கைக்கடிகாரம் வெளியே. சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும், நிகொட்டின் குழாயைச் சுருக்கும்.

காதுதான் பலருக்குத் தொல்லை. மலைநாட்டுக்காரருக்கு அது புதிதல்ல. கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிக் கித்துல்கலவை நெருங்கும்போது காது அடைக்குமே, அதே சங்கதிதான், வெளி அமுக்கம் கூடுகிறது. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். வலிக்கும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே செய்யுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் கையைக் காட்டுங்கள், நிறுத்துவார்கள். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால் செவிப்பறை கிழியலாம். தடிமன் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், வலிப்பு, ஆஸ்துமா, முன்பு நுரையீரல் சுருங்கிய கதை, புற்றுநோய் மருந்து, கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டு வைத்தியம் செய்யாமல் இருந்தால் அறைக்குள் விடவே மாட்டார்கள். சர்க்கரைக்காரர் சாப்பிட்டுவிட்டு, அளவு பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே சர்க்கரை இறங்கிவிடும்.

கரைக்கிற ஊசி காப்பாற்றியதா, அறை காப்பாற்றியதா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஊசி இல்லாமல் அறைக்கு வந்திருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன்" என்றார், அவ்வளவுதான்.

மூக்கோரத்தில் உளுந்தளவு தோல் மட்டும் பொருக்குத்தட்டியது. அடுத்த வாரம் தோழியின் கல்யாணத்துக்கு அதை மேக்கப் போட்டு மறைத்துவிடச் சொல்லி வந்து நின்றாள். தோல் மூடும்வரை பிரஷ் படக்கூடாது என்று பெட்டியைப் பூட்டி வைத்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.